நாப்பத்தேழாம் நம்பர் ரூல்

பொட்டி தட்டுற வேலையிலேயே வீட்டுல சொல்லிப் புரிய வைக்க முடியாத வேலை ஒண்ணு இருக்குன்னா, அது என்னோடதுதான். 'வெப்சைட் பண்றேன்'னு சொன்னா அத்தை மாமாவுக்கெல்லாம் புரியுது. 'பேங்க் சாஃப்ட்வேர்'னா கொஞ்சம் மரியாதையே கிடைக்குது. 'வர்ற டேட்டா ஒழுங்கா இருக்கான்னு பாக்குற டூலுக்கு ரூல் எழுதுறேன்'னு சொன்னா, "சரிப்பா, சாப்ட்டியா?"ன்னு பேச்சை மாத்திடுறாங்க.

அதனால இப்பல்லாம் நெல்லை வச்சுச் சொல்றேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல மீட்டரைப் போட்டு ஈரப்பதம் பாப்பாங்க இல்லையா? 17 சதவீதத்துக்கு மேல இருந்தா காய வச்சுக் கொண்டான்னு திருப்பி அனுப்பிடுவாங்க. என் வேலையும் அதேதான். நெல்லுக்குப் பதிலா ரெக்கார்டு. பின்கோடு ஆறு இலக்கம் இருக்கா, பிறந்த தேதி நாளைக்குத் தேதியா இல்லாம இருக்கா, ஒரே பாலிசி நம்பர் ரெண்டு பேருக்கு இல்லாம இருக்கான்னு பாத்து, தேறினதை உள்ளே விட்டு, தேறாததை ஓரமா நிறுத்தணும். மீட்டர்தான் டூல். அந்தப் 17தான் ரூல்.

மீட்டரைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. எந்த டூல் வேகம், எது இலவசம், எதுல கலர் கலரா ரிப்போர்ட் வருதுன்னு. அந்தப் 17 எங்க எழுதி வச்சிருக்கு, யாரு எழுதினாங்க, மழை வருஷத்துல டெல்லியில இருந்து தளர்த்திச் சொன்னா எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் மாறுச்சு, 'அன்னிக்கு என் நெல்லை ஏன்யா திருப்பி அனுப்பின?'ன்னு ஒரு விவசாயி அடுத்த வருஷம் வந்து கேட்டா எதை எடுத்துக் காட்டுறது, இதையெல்லாம் யாரும் பேசுறதில்ல. எனக்கு அதுல ஒரு அனுபவம் இருக்கு. நீளமான கதை, பொறுமையாப் படிங்க.

முதல்ல ரூலெல்லாம் எங்க குடியிருக்குன்னு பாத்துடலாம்.

பழைய ப்ராஜெக்ட்ல எல்லாம் ரூல் கோடுக்குள்ளேயே இருக்கும். ஏழாயிரம் வரி ஃபைல்ல நடுவுல எங்கேயோ ஒரு இஃப். தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். அதை எழுதினவன் ஆன்சைட் போய் குழந்தை குட்டியோட செட்டில் ஆயிருப்பான்.

அதுக்கு மேல கொஞ்சம் நல்ல வீடு, டேட்டாபேஸ். டேபிளை உருவாக்கும்போதே 'செக்' போட்டு, இந்த ஃபீல்டுல இதுதான் வரணும்னு சொல்லிடலாம். போஸ்ட்கிரெஸ்ல அப்படிச் சொன்ன ரூலெல்லாம் அதோட சிஸ்டம் கேட்டலாக்ல போய் உக்காந்துக்கும், எப்ப வேணா கேட்டு வாங்கிக்கலாம். ஏற்கெனவே இருக்குற பழைய வரிகளைச் சோதிக்காதே, புதுசா வர்றதை மட்டும் பாருன்னு கூட அதுகிட்ட சொல்லலாம். அருமையான ஏற்பாடு. ஆனா மைஎஸ்க்யூஎல் பண்ண கூத்து இருக்கே! 2019ல 8.0.16 வெர்ஷன் வர்ற வரைக்கும், நாம 'செக்' எழுதினா அது பாட்டுக்குப் படிக்கும், இலக்கணம் சரின்னு ஒத்துக்கும், எர்ரர் எதுவும் கொடுக்காது, அப்படியே மறந்துடும். ரூலைச் சோதிக்கிறதும் இல்ல, எழுதி வச்சுக்கிறதும் இல்ல. கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற பெரியவர் "பாயசம்தானே, இதோ வருது"ன்னு தலையாட்டிட்டு அடுத்த இலைக்குப் போயிடுவாரே, அந்த மாதிரி. எத்தனை பேர் ரூல் இருக்குன்னு நம்பி நிம்மதியாத் தூங்கினாங்களோ!

(இன்னொரு சமாச்சாரம். எஸ்க்யூஎல்ல 'செக்' வேலை செய்யுற எல்லா இடத்துலயும், மதிப்பே இல்லாம நல்லா வந்தா, அதாவது காலி நல், அது பாஸ். 'வயசு 18க்கு மேல'ன்னு ரூல் போட்டா, வயசே சொல்லாதவன் ஜம்முன்னு உள்ளே வந்துடுவான். பொய்னு நிரூபிக்க முடியாததை விட்டுடணும்ங்கறது அதோட தர்மம். கூடவே 'நாட் நல்' போடணும்.)

இப்ப இருக்குற டூல்கள்ல ரூலைத் தனி ஃபைலா வைக்கிறதுதான் வழக்கம். டிபிடின்னு ஒண்ணு, யாமல் ஃபைல்ல எழுதணும். தனித்துவமா இருக்கா, காலியா இல்லாம இருக்கா, இந்தப் பட்டியல்ல இருக்குற மதிப்பா, அந்த டேபிள்ல இருக்குற ஆளான்னு நாலு சோதனை அதுலயே வருது. இன்னொண்ணு கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ். டிக்கன்ஸ் நாவல் பேர்தான். ரூலுக்கு அதுல 'எக்ஸ்பெக்டேஷன்'னு பேரு. கொத்துக் கொத்தா ஒரு ஜேசன் ஃபைல்ல சேரும். அந்த ஃபைலை நம்ம மெஷின்லயே வச்சுக்கலாம், அமேசான் எஸ்3ல போடலாம், போஸ்ட்கிரெஸ்ல கூடப் போடலாம். பேரைச் சொல்லிக் கேட்டா எடுத்துக் கொடுக்கும். எனக்கு அதுல பிடிச்ச விஷயம் ரெண்டு. ஒண்ணு, ஒவ்வொரு ரூலோடவும் 'மெட்டா'ன்னு ஒரு பை தொங்கும், அதுல என்ன குறிப்பு வேணா எழுதி வைக்கலாம். ரெண்டாவது, சோதனை முடிஞ்சு வர்ற ரிசல்ட்டுக்குள்ளேயே அன்னிக்கு எந்த ரூலை வச்சுச் சோதிச்சோமோ அந்த ரூலோட பிரதியும் இருக்கும். இந்த ரெண்டாவது விஷயம் எவ்வளவு பெருசுன்னு அதைப் பாத்த அன்னிக்கு எனக்கு உறைக்கல. அப்புறம் உறைச்சுது.

ஃபைலா இருந்தா கிட்ல போட்டுக்கலாம். யாரு, எப்ப, எந்த வரியை மாத்தினான்னு சரித்திரம் சும்மாவே கிடைக்கும். ஆனா ஒரு சங்கடம். ரூல் என்னன்னு தெரிஞ்ச ஆள் கிளையண்ட் ஆபீஸ்ல இருக்குற அனுபவஸ்தர். அவருக்குக் கிட் தெரியாது. கிட் தெரிஞ்ச நமக்கு ரூல் தெரியாது. அதனால ரூல் எக்செல்ல வரும், மெயில்ல வரும், 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்'னு பேர் வச்சு வரும்.

இப்ப நம்ம கதை.

நான் சேர்ந்த ப்ராஜெக்ட் ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடது. பேர் வேணாம். கிளை கிளையா மருத்துவக் க்ளெய்ம் விவரம் தினம் ராத்திரி வரும். டூல் சோதிக்கும். தேறாதது 'ஹோல்டு' டேபிள்ல போய் நிக்கும். மறுநாள் காலைல கிளைக்கு ஒரு பட்டியல் போகும், இதெல்லாம் சரி பண்ணி அனுப்புங்கன்னு. டூல் நான் சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கட்டினது. ரூலெல்லாம் டேட்டாபேஸ்ல ஒரு டேபிள்ல இருந்துச்சு. ரூல் நம்பர், எந்த ஃபீல்டு, என்ன நிபந்தனை, ஆக்டிவா இல்லையா. அவ்வளவுதான். ரிசல்ட் டேபிள் இன்னும் சுருக்கம். ரெக்கார்டு நம்பர், ரூல் நம்பர், பாஸா ஃபெயிலா, தேதி.

அதுல நாப்பத்தேழாம் நம்பர் ரூல்: மாநிலம் புதுச்சேரின்னா பின்கோடு 605ல ஆரம்பிக்கணும், இல்லேன்னா 609, இல்லேன்னா 673.

புதுச்சேரின்னதும் நமக்கு பீச்சும் பிரெஞ்சுத் தெருவும்தான் ஞாபகம் வரும். ஆனா 1954ல பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போனது ஒரே துண்டு இல்ல. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்னு நாலு துண்டு. மாஹே கேரளாவுக்குள்ள தலச்சேரிகிட்ட இருக்கு. ஏனாம் ஆந்திராவுக்குள்ள, காக்கிநாடா பக்கத்துல, கோதாவரிக் கரையில. புதுச்சேரியில இருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல. தபால்காரர் யூனியன் பிரதேசத்தைப் பாக்குறதில்ல, ரோட்டைத்தான் பாக்குறார். 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு வந்தப்ப அது தபால் போற வழியைத்தான் பின்பற்றுச்சு. அதனால காரைக்கால் 609, மாஹே 673310, ஏனாம் 533464. முதல் இலக்கம் 5ன்னா ஆந்திரா, கர்நாடகா பக்கம்.

ரூலை எழுதினவர் மூணு துண்டை நினைவு வச்சிருந்தார். நாலாவதை விட்டுட்டார். ஏனாம்ல இருந்து க்ளெய்ம் வர்ற வரைக்கும் அது யாருக்கும் தெரியவும் இல்ல.

வந்துச்சு. ஒரு அம்மா, புருஷனுக்கு ஆபரேஷன் ஆன பில். டூல் நிறுத்திடுச்சு. கிளைக்குப் போன பட்டியல்ல 'விலாசம் தவறு'ன்னு ரெண்டே வார்த்தை. கிளையில அந்த அம்மாகிட்ட சரியான விலாசச் சான்று கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. அவங்க ரேஷன் கார்டு கொண்டு வந்திருக்காங்க. மறுபடி ஃபெயில். ஆதார். மறுபடி ஃபெயில். மூணாவது தடவை அவங்க கரண்ட் பில்லோட வந்து நின்னப்ப, கிளையில இருந்த கிளார்க் தம்பி பொறுக்க முடியாம, பின்கோடு இருந்த இடத்துல 605001னு போட்டு அனுப்பிட்டான். புதுச்சேரி தலைமைத் தபால் நிலையத்தோட பின்கோடு. டூல் பச்சை காட்டிடுச்சு.

நல்லது பண்ணணும்னுதான் பண்ணான். ஆனா அடுத்து ஒரிஜினல் பில் கேட்டுத் தலைமை ஆபீஸ் போட்ட லெட்டர் 605001ஐப் பாத்துப் புதுச்சேரிக்குப் போயி, அங்கே இங்கே சுத்தி, கெடு முடிஞ்சப்புறம் ஏனாம் போய்ச் சேர்ந்துச்சு. 'பதில் இல்லை, க்ளெய்ம் முடிக்கப்பட்டது.' அந்த அம்மா சும்மா விடல. யாரோ வழி சொல்லிக் கொடுத்து, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு மனு போட்டுட்டாங்க.

இதுக்கு நடுவுல கிளையண்ட் பக்கத்துல யாரோ ஏனாம் விஷயத்தைக் கண்டுபிடிச்சு எங்க சப்போர்ட் டீமுக்கு ஒரு மெயில் போட, அவங்க ராத்திரியோட ராத்திரியா ரூலைச் சரி பண்ணிட்டாங்க. எப்படி? ஒரு அப்டேட். அதே வரியில 533ஐச் சேத்து, பழசு மேலேயே எழுதிட்டாங்க. டிக்கெட்டும் 'பின்கோடு பிரச்சனை, சரி செய்யப்பட்டது'ன்னு மூடியாச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு எங்களுக்கு ஒரு கேள்வி வருது. குறைதீர்ப்பாளர் கேட்குறார், இந்த விலாசம் முதல்ல ஏன் நிராகரிக்கப்பட்டது? கிளையண்ட் ஆபீஸ்ல எங்க டூலையே வச்சுச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. அந்த அம்மாவோட முதல் ரெக்கார்டு, 533464, அப்படியே கொடுத்தா... பாஸ்! டூல் ஒழுங்காத்தானே இருக்கு, அப்ப கிளார்க்தான் முதல்ல எதையோ தப்பாப் போட்டிருக்கணும், அப்புறம் அதை மறைக்கப் பின்கோடை மாத்தியிருக்கான்னு முடிவுக்கே வந்துட்டாங்க. அவன் 'சிஸ்டம்தான் சார் எடுக்கல'ன்னு தலைகீழா நின்னு சொன்னாலும் நம்ப ஆள் இல்ல. அவன்மேல விசாரணை. ஒப்பந்த ஊழியர் வேற, போன்னு சொன்னா போயிட வேண்டியதுதான்.

எங்க டேமேஜர் என்னைக் கூப்பிட்டு, அன்னிக்கு நாப்பத்தேழாம் ரூல் என்னவா இருந்துச்சுன்னு எடுத்துக் கொடுன்னார்.

எங்கேர்ந்து எடுக்குறது? ரிசல்ட் டேபிளைத் தொறந்தா 'ரூல் 47, ஃபெயில்'. ரூல் டேபிளைத் தொறந்தா 47க்கு எதிரே புது நிபந்தனை. பழசு இருந்த சுவடே இல்ல. பேக்கப் முப்பது நாளைக்குத்தான் வைப்பாங்க, அது போயாச்சு. சட்டப் புத்தகத்துல பக்கத்தைக் கிழிச்சுப் புதுப் பக்கம் ஒட்டிட்டு, பழைய கேஸை விசாரிக்கிற கதை.

கடைசில எங்களைக் காப்பாத்தினது சோம்பேறித்தனம்தான் :-). டெஸ்டிங்குக்குன்னு ஒரு யூஏடி சர்வர் உண்டு. மாசா மாசம் ப்ரொடக்‌ஷன்ல இருந்து ரெஃப்ரெஷ் பண்ணணும்னு ப்ராசஸ். எவனும் பண்ணல. அதனால அங்க பழைய நாப்பத்தேழு உசுரோட உக்காந்திருந்துச்சு, 605, 609, 673னு. ஆனா அது மட்டும் சாட்சியா நிக்காது. 'டெஸ்ட் சர்வர்ல இருந்தா ப்ரொடக்‌ஷன்ல இருந்ததா அர்த்தமா?'ன்னு எவனும் கேப்பான், கேக்கணும். அதனால இன்னொரு வேலை பண்ணேன். ரிசல்ட் டேபிள்ல ரூல் 47ல ஃபெயிலான எல்லா ரெக்கார்டையும் எடுத்து, ஹோல்டு டேபிள்ல இருக்குற ஒவ்வொண்ணோட பின்கோடையும் பக்கத்துல வச்சேன். அப்டேட் நடந்த ராத்திரிக்கு முன்னாடி 533ல ஆரம்பிச்சது ஒண்ணு விடாம ஃபெயில். அப்புறம் ஒண்ணு கூட ஃபெயில் இல்ல. 605, 609, 673 எல்லாம் எந்தக் காலத்துலயும் பாஸ். ஓட்டை வச்சுப் பானை எப்படி இருந்திருக்கும்னு சொல்ற கீழடி வேலை. அந்த லிஸ்டோட யூஏடி பிரின்ட் அவுட்டையும் வச்சு அனுப்பினோம். தம்பி மேல இருந்த விசாரணையை விட்டுட்டாங்க. அந்த அம்மா க்ளெய்மை மறுபடி தொறந்ததாக் கேள்விப்பட்டேன். பணம் எப்ப போச்சுன்னெல்லாம் நமக்கு வந்து சொல்ற வழக்கம் இல்ல.

அதோட விட்டிருக்கலாம். எனக்கு ஒரு அரிப்பு. இந்த ரூலை முதல்ல எதுக்குப் போட்டாங்க? டூல்ல அதுக்குப் பதில் இல்ல. பழைய எக்செல்ல 'கிளையண்ட் சொன்னபடி'ன்னு இருக்கு. கிளையண்ட் பக்கத்துல ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் நம்பரை வாங்கிப் போன் போட்டேன். மனுஷனுக்குப் பளிச்சுன்னு ஞாபகம் இருந்துச்சு. புதுச்சேரி ஆளுங்களுக்குன்னு ஒரு குழுத் திட்டம் ஓடியிருக்கு. அதுல சேர்க்குறதுக்காக ஏஜெண்டுங்க விழுப்புரத்து ஆளுங்களையும் புதுச்சேரின்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதைப் பிடிக்கத்தான் தம்பி அந்த ரூலுன்னார்.

போனை வச்சுட்டுப் பாத்தா விழுப்புரம் டவுனோட பின்கோடு 605602.

அதாவது, யாரைப் பிடிக்கணும்னு போட்டாங்களோ அவங்களை அந்த ரூல் முதல் நாள்ல இருந்தே பிடிக்கல, பிடிக்கவும் முடியாது. தபால் கணக்குல விழுப்புரமும் புதுச்சேரியும் ஒரே 605. பிடிச்சது எல்லாம் ஏனாம்காரங்களை மட்டும்தான். காரணத்தை ரூல் பக்கத்துலேயே ஒரு வரி எழுதி வச்சிருந்தா, விழுப்புரம் பக்கத்து ஆளு எவனாவது ஒருத்தன் பாத்துட்டு 'அண்ணே, எங்க ஊரு பின்கோடும் 605தாண்ணே'ன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பான்.

அந்தக் கிளார்க் பண்ணது ஒண்ணும் அதிசயம் இல்ல. கெட்ட ரூலுக்கு நல்ல மனுஷங்க கொடுக்குற பதில் எப்பவும் அதுதான். நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல் உண்டு, சர்நேம் கிடையாது. 'லாஸ்ட் நேம் கட்டாயம்'னு ஃபார்ம் கேட்டா என்ன பண்றது? ஒருத்தன் புள்ளி வைக்கிறான். 'குறைஞ்சது ரெண்டு எழுத்து'ன்னு ரூலை இறுக்கினா ரெண்டு புள்ளி. சிறப்புக் குறி கூடாதுன்னா அப்பா பேரு, இல்லேன்னா தன் பேரையே ரெண்டு தடவை. பாஸ்போர்ட்ல ஒரே பேரா இருக்குற நம்மாளுங்க அமெரிக்க விசாவுல, முதல் பேர் தெரியலன்னு அர்த்தம் வர்ற 'எஃப்என்யூ'வா மாறி, அங்க லைப்ரரி கார்டு வரைக்கும் அந்தப் பேரோட திரியுறாங்க. போன் நம்பர் கட்டாயம்னா பத்து ஒன்பது. பிறந்த தேதி தெரியாத பாட்டிகளெல்லாம் ஜனவரி 1ல பிறக்குறாங்க. எல்லாமே டூல்ல பச்சை. டேட்டா குவாலிட்டி நூறு சதவீதம்னு ரிப்போர்ட் போகும். ரூல் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு அழகாப் பொய் வரும்.

சரி, அப்புறம் டேபிளை மாத்தி எழுதுற வேலை எனக்கு வந்துச்சு. ரூலை அப்டேட் பண்ணவே கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணோம். மாத்தணும்னா பழைய வரிக்கு 'இந்தத் தேதி வரை'ன்னு ஒரு கோடு போட்டுட்டு, புது வரி. ரிசல்ட்ல ரூல் நம்பர் மட்டும் இல்லாம, எந்த வரி, அதுல இருந்த நிபந்தனை என்னன்னு முழுசா ஒரு பிரதி. இடம் வீணாப் போகுதுன்னு டிபிஏ கத்தினார், கத்தட்டும். இது ஒண்ணும் நாங்க கண்டுபிடிச்ச புது வித்தை இல்ல. 2011லயே எஸ்க்யூஎல் தரத்துல காலத்தோட டேபிள் வைக்கிற வழி வந்தாச்சு. எஸ்க்யூஎல் சர்வர் 2016லயும், மரியாடிபியிலயும் 'இந்தத் தேதியில இந்த டேபிள் எப்படி இருந்துச்சோ அப்படிக் காட்டு'ன்னு நேராவே கேக்கலாம்.

தேதியில ஒரு சூட்சுமம் இருக்கு. எந்தத் தேதி? நம்ம மாவட்டப் பட்டியலையே எடுத்துக்குங்க. 2019 ஆரம்பத்துல தமிழ்நாட்டுல 32 மாவட்டம். அந்த வருஷத்துலேயே கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு அஞ்சு. 2020 டிசம்பர்ல மயிலாடுதுறை. மொத்தம் 38. 'மாவட்டம் பட்டியல்ல இருக்கணும்'னு ரூல். 2017ல எடுத்த பாலிசியில தென்காசிக்காரர் மாவட்டம் திருநெல்வேலின்னு இருக்கும். சரி. அதே ஆள் 2023 க்ளெய்ம்ல தென்காசி மாவட்டம்னு எழுதுவார். அதுவும் சரி. ரெண்டையும் ஒப்பிட்டு 'மாவட்டம் பொருந்தவில்லை'ன்னு ஒரு ரூல் கத்துச்சுன்னா, அந்த மனுஷன் இடத்தை விட்டு அசையவே இல்ல, மாவட்டம்தான் அவரைத் தாண்டிப் போயிருக்குன்னு டூலுக்கு யாரு சொல்றது? அதனால ரூலை எடுக்கும்போது 'இன்னிக்கு இருக்குற ரூல் கொடு'ன்னு எடுக்கக் கூடாது. அந்தக் காகிதத்துல இருக்குற தேதியைச் சொல்லி, அன்னிக்கு நடப்புல இருந்த ரூலைக் கேக்கணும். 'நாங்க எப்ப சோதிச்சோம்'ங்கறது வேற தேதி, அதையும் தனியா வைக்கணும். ரெண்டையும் குழப்பினா மறுபடி கீழடிதான்.

இதெல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சுது. முடியாம இழுத்தது 'காரணம்'ங்கற ஒரே ஒரு ஃபீல்டு.

ரூல் எதுக்குன்னு எழுதாம சேமிக்க முடியாதபடி, காலியா விடக் கூடாதுன்னு கட்டாயம் வச்சேன். முதல் வாரம் வந்த ரூல்களோட காரணத்தைத் தொறந்து பாக்குறேன். முதல் வரி: ஒரு புள்ளி.

சத்தியமா. நம்ம டீம்காரனேதான். அடுத்தது 'பிசினஸ் ரூல்'. அடுத்தது 'கிளையண்ட் சொன்னபடி'. அதுக்கடுத்தது 'டேட்டா குவாலிட்டிக்காக'! குறைஞ்சது இருபது எழுத்துன்னு ரூல் போடலாமான்னு ஒரு நிமிஷம் கை பரபரத்துச்சு. இருபது புள்ளி வரும்னு தெரிஞ்சதால போடல.

அதுக்குப் பதிலா காரணத்தைக் கேக்குறதையே விட்டுட்டோம். ரெண்டு ரெக்கார்டு கேட்டோம். இந்த ரூல்ல மாட்ட வேண்டிய ரெக்கார்டு ஒண்ணு, தப்பிச்சுப் போக வேண்டிய ரெக்கார்டு ஒண்ணு. ரெண்டும் ரூலோடவே சேமிக்கப்படும். சேமிக்கிறதுக்கு முன்னாடி டூலே அந்த ரெண்டையும் ஓட்டிப் பாக்கும். மாட்ட வேண்டியது மாட்டலேன்னா ரூல் உள்ளே போகாது. நாப்பத்தேழுக்கு மட்டும் அன்னிக்கு இதைக் கேட்டிருந்தா, அந்தப் பெரியவர் விழுப்புரத்து ஆள் ஒருத்தரோட ரெக்கார்டைக் கொடுத்திருப்பார். 605602. ரூல் அதை 'வாங்க வாங்க'ன்னு உள்ளே விட்டிருக்கும். விஷயம் அங்கேயே அம்பலமாயிருக்கும்.

பழைய ரூல்களுக்கும் இந்த மாதிரி ரெக்கார்டு தேடிப் பிடிக்கிற ஆணிதான் இப்ப ஓடிட்டு இருக்கு. பாதிக்குக் கிடைக்குது. சிலதுக்கு யாரைக் கேக்குறதுன்னே தெரியல. நாப்பத்தேழை நிறுத்தியாச்சு, ஆனா அழிக்கல. அது எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வரியா இருக்கு.

போன வாரம் கிளையண்ட் பக்கத்துல இருந்து ஒரு சார் புது ரூலோட வந்தார். முகவரியில கதவு எண் கட்டாயம் இருக்கணுமாம். மாட்ட வேண்டிய ரெக்கார்டு ஒண்ணு கொடுங்க சார்னேன். கதவு எண் இல்லாத முகவரி நூத்துக்கணக்குல இருக்கேன்னு ஸ்கிரீன்ல காட்டினார். மேலத்தெரு, கீழத்தெரு, பிள்ளையார் கோவில் எதிர்புறம்னு வரிசையா ஓடுது. சரி சார், இதுல தபால் போய்ச் சேராம திரும்பி வந்தது ஏதாவது ஒண்ணு எடுத்துக் கொடுங்க, அதைப் போட்டுக்கலாம்னேன். கொஞ்ச நேரம் தேடினார். டீ வந்துச்சு, குடிச்சார். மறுபடி தேடினார். நாளைக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனார்.

இன்னும் வரல.